பேஸ் கிட்டாருக்குப் பின்னால் கிரில் சிக்கன்!

2002-ல் கனடாவின் ‘ரஷ்’ ராக் குழு மேடையேறியபோது, பேஸ் கிட்டார் வாசிக்கும் கெடி லீக்குப் பின்னால் ஆளுயர ஆம்ப்ளிஃபயர்கள் இல்லை. பதிலாக, துணி காயவைக்கும் டிரையர்கள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே டி-ஷர்ட்டுகள்! 2007 டூரில் டிரையர்கள் போய், கிரில் சிக்கன் கடைகளில் கோழி சுற்றுமே, அந்த மெஷின்கள் வந்துவிட்டன.

லீ மேடை ஆம்ப்பையே விட்டுவிட்டார். கிட்டாரிஸ்ட் அலெக்ஸ் லைஃப்சன் பக்கம் ஆம்ப்கள் அடுக்கி நிற்க, இவர் பக்கம் வெறிச்சோடியது. அதை அடைக்கத்தான் இந்தக் கூத்து.

அப்போ சத்தம்? கிட்டாரின் சிக்னல் ‘டிஐ பாக்ஸ்’ என்கிற கையடக்கப் பெட்டி வழியாக நேரே மிக்ஸருக்குப் போகும். அங்கிருந்து அரங்கின் பெரிய ஸ்பீக்கர்களுக்கு. வாசிப்பவர் இயர்போனில் கேட்டுக்கொள்வார்.

தூக்கிச் சுமக்கிறவர்களுக்கு இது வரம். 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்விடி ஆம்ப்பில், ஸ்பீக்கர் பெட்டி சேராமலேயே எடை 35 கிலோவைத் தாண்டும்!

ஆனால், முதுகில் வந்து மோதும் அந்த ‘தும்’ கிடைக்காது. பாதிப் பாட்டில் இயர்போன் செத்துவிட்டால், தான் வாசிப்பது தனக்கே சரியாகக் கேட்காது, தாளம் பிசகும். அதற்குப் பயந்தே பலர் காலடியில் ஒரு மானிட்டர் ஸ்பீக்கரையும் போட்டுக்கொள்கிறார்கள்.