கார் கண்ணாடியை உடைத்துத் திருட்டா? புகாரில் ‘தொலைந்தது’ என்று எழுதாதீங்க!

காலையில் ஆபீஸ் கிளம்ப வெளியே வந்தால், வாசலில் நிற்கும் காரின் கண்ணாடி தூள் தூள். சீட்டில் இருந்த லேப்டாப் பையைக் காணோம். ஸ்டேஷனுக்குப் போனால் முதல் கேள்வியே, “லேப்டாப்பை யார் சார் கார்ல வைக்கச் சொன்னது?” என்று வரலாம். அடுத்து ஒரு யோசனை: “தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுங்க, ரசீது தர்றோம்.” அலைச்சல் மிச்சம் என்று பலரும் தலையாட்டிவிடுகிறார்கள்.

சிக்கலே அங்கேதான். ‘தொலைந்தது’ என்று எழுதினால், குற்றமே நடக்கவில்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள். உடைந்த கண்ணாடிக்கும் திருடனுக்கும் அந்தக் காகிதத்தில் இடமே இல்லை.

ரசீது வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு

சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது, புகார் வந்து சேர்ந்தது என்பதற்கான அத்தாட்சி மட்டுமே. வழக்கு தொடங்குவது எஃப்.ஐ.ஆரில்தான். போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால், எஃப்.ஐ.ஆர். போடுவது கட்டாயம் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, ஆன்லைனிலும் புகார் கொடுக்கலாம். 3 நாட்களுக்குள் நேரில் போய் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். இதுபோன்ற வழக்குகளில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தவும் போலீஸுக்கு வழி உண்டு. அதனால் ‘விசாரிக்கிறோம்’ என்றால், எந்தத் தேதிக்குள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பை மறக்காதீங்க

புதிய சட்டத்தில் 5,000 ரூபாய் என்று ஒரு கோடு இருக்கிறது. திருடு போனதன் மதிப்பு அதற்குக் கீழே என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. ‘ஒரு பை போச்சு’ என்று மொட்டையாக எழுதினால் வழக்கு அங்கேயே நிற்கலாம். லேப்டாப், சார்ஜர், ஹெட்போன், பணம் என ஒவ்வொன்றையும் மதிப்போடு எழுதுங்கள். பில் இருந்தால் இணையுங்கள். கூட்டியும் எழுத வேண்டாம், குறைத்தும் எழுத வேண்டாம்.

அன்றைக்கே செய்ய வேண்டியவை

* காரைத் துடைப்பதற்கு முன் எல்லா பக்கமும் போட்டோ எடுங்கள். கைரேகை இருக்கலாம். 112-க்கு அழைத்துச் சொல்லுங்கள்.

* பக்கத்து வீடு, எதிர்க்கடை சிசிடிவி பதிவுகளை உடனே கேளுங்கள். பழைய பதிவு மேல் புதியது ஏறிவிடும். ஒரு வாரம் கழித்துப் போனால் கிடைக்காமல் போகலாம்.

* வீட்டுச் சாவியும் ஆர்.சி.யும் சேர்ந்து போயிருந்தால், பூட்டை அன்றே மாற்றுங்கள். சாவியோடு உங்கள் முகவரியும் திருடன் கையில் இருக்கிறது!

* கார்டுகளை பிளாக் செய்யுங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் 1930-க்கு அழையுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி டீமுக்கு உடனே சொல்லுங்கள்.

* போன் போயிருந்தால், புகார் நகலோடு மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் ஐஎம்இஐ எண்ணை முடக்கலாம். டூப்ளிகேட் ஆர்.சி. வரும்வரை டிஜிலாக்கரில் இருப்பது செல்லும்.

இன்சூரன்ஸ் கைகொடுக்குமா?

தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் கண்ணாடிக்குப் பைசா வராது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசியில் கண்ணாடிக்குக் கிடைக்கும். உள்ளே இருந்த லேப்டாப்புக்குத் தனி ஆட்-ஆன் எடுத்திருக்க வேண்டும். திருட்டு க்ளெய்முக்குப் பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர். கேட்பார்கள். ‘தொலைந்தது’ என்ற ரசீது அங்கே உதவாது.

ஒரு கணக்கு: க்ளெய்ம் செய்யாத முதல் ஆண்டுக்கு 20%-ல் தொடங்கி, ஐந்து ஆண்டுகளில் 50% வரை வளரும் நோ க்ளெய்ம் போனஸ், ஒரே க்ளெய்மில் பறிபோகலாம். கண்ணாடிச் செலவு அதைவிடக் குறைவு என்றால் கையிலிருந்து போடுவதே லாபம். ஆனால் க்ளெய்ம் வேண்டாம் என்பதற்காகப் புகாரும் வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள்.

எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால்?

புகாரை எழுத்தில் எஸ்.பி.க்கு, மாநகரம் என்றால் துணை ஆணையருக்கு, தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இந்த வழியையும் அதே 173-வது பிரிவே தருகிறது.

எஃப்.ஐ.ஆர். போட்டால் லேப்டாப் திரும்பி வந்துவிடுமா என்றால், உத்தரவாதம் இல்லை. ஆனால் ஒரே தெருவில் நாலு கார்கள் உடைக்கப்பட்டு, நாலுமே ‘தொலைந்தது’ என்று பதிவானால், காகிதத்தில் அது திருட்டே நடக்காத தெரு. அங்கே இரவு ரோந்து எதற்கு, கேமரா எதற்கு என்றுதான் கேள்வி வரும். ஐந்தாவது காரும் உடையும்.

பையை சீட்டில் விட்டது கவனக்குறைவுதான், மறுப்பதற்கில்லை. கவனக்குறைவுக்குச் சட்டத்தில் தண்டனை இல்லை. திருட்டுக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை உண்டு. “யார் கார்ல வைக்கச் சொன்னது?” என்று கேட்டால் தலைகுனியத் தேவையில்லை. ‘திருடு போனது’ என்று எழுதி, நகலை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.