98 சதவீதத் திருப்தி எதற்குச் சான்று?

காசு கொடுத்தால்தான் அக்கறையோடு கற்பார்கள், ஆகவே ரியல் எஸ்டேட் பயிற்சிக்குக் கட்டும் பணம் வீணல்ல என்கிறார்கள். அமெரிக்காவில் 2005இல் தொடங்கிய டிரம்ப் யுனிவர்சிட்டியைப் பாருங்கள். முதலில் இலவச அறிமுகக் கூட்டம். அங்கே 1,495 டாலருக்கு மூன்று நாள் வகுப்பு. அந்த வகுப்பிலோ 34,995 டாலர் திட்டத்துக்கு ஆள்பிடிப்பு. முதலீட்டுக்கென்று சொல்லி கிரெடிட் கார்டு வரம்பை உயர்த்த வைத்து, அதை அடுத்த கட்டணத்துக்கே திருப்பினார்கள் என்றது நியூயார்க் அட்டர்னி ஜெனரல் 2013இல் தொடுத்த வழக்கு. மாணவர்களில் 98 சதவீதம் பேர் திருப்தி தெரிவித்தார்களே என்று பதில் வந்தது. அது பயிற்சி வகுப்பிலேயே நிரப்பி வாங்கிய படிவம். வீடு வாங்கி விற்று லாபம் பார்த்த பிறகு எழுதியதல்ல. தவறை ஒப்புக்கொள்ளாமலே 2016இல் 2.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள். காசு கொடுத்தே கற்பதானால் வேறு வழி உண்டு: வீட்டுப் பத்திரத்தில் சந்தேகமா, வழக்கறிஞருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள். அவர் அடுத்த வகுப்பை விற்கமாட்டார்.