'இல்லை' என்று சொல்ல முதல்

ஏஐ ஏஜென்ட் பற்றிக் கதைக்கும்போது நாங்கள் பெரிய விசயங்களைத்தான் கதைக்கிறோம்: வேலை போகுமா, கட்டுரை எழுதுமா, சோதனையில் பிடிபடுமா. இந்தக் கட்டுரை அது செய்கிற ஆகச் சின்ன வேலை ஒன்றைப் பற்றியது. ஒரு டிரைவ் கோப்புறைக்குள் என்னென்ன கிடக்கிறது என்று பட்டியல் எடுக்கிற வேலை. அந்தப் பட்டியல் கருவிக்கு எழுதுகிற நாலு வரி விளக்கத்தை எஞ்சினியர்மாரிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது, தமிழ் ஆவணங்களோடு மினக்கெடுகிற கலைப்பீடத்துக்காரரும் அதில் கைவைக்க வேணும் என்பதுதான் எங்கட வாதம்.

ஏன் விளக்கம் இவ்வளவு முக்கியம்? 2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. அதில் ஒரு கருவி ஏஜென்டுக்கு அறிமுகமாவது பெயர், விளக்கம், என்ன உள்ளீடு கொடுக்கலாம் என்ற குறிப்பு ஆகியவற்றால்தான். கருவியை எப்போது கூப்பிடுவது, வந்த பதிலை எப்படி விளங்கிக்கொள்வது எல்லாம் அந்த விளக்கத்தை வைத்துத்தான்.

இப்ப விளக்கம் 'கோப்புகளைப் பட்டியலிடும்' என்று மட்டும் இருக்கிறது என்று வையுங்கோ. கூகிள் டிரைவின் பட்டியல் வசதி, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒரு தடவைக்கு 100 கோப்புகள்வரைதான் தரும். கேட்டால் 1000 வரை. மிச்சம் இருந்தால் 'அடுத்த பக்கம்' என்று ஒரு அடையாளம் கூட வரும். குப்பைக்குள் போட்டவையும் வேண்டாம் என்று சொல்லாதவரை பட்டியலில் வரும். ஒரே கோப்புறைக்குள் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கலாம். இதெல்லாம் விளக்கத்தில் இல்லாவிட்டால், முதல் பக்கத்தை மட்டும் பார்த்த ஏஜென்ட் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று தெளிவாக, மரியாதையாகச் சொல்லிப்போடும். நாங்களும் நம்பிப்போடுவோம்.

தமிழ்க் கோப்புகள் என்றால் சிக்கல் இரட்டிப்பு. 'கொழும்பு' என்ற சொல்லின் முதல் எழுத்தையே யுனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க' உடன் ஒகரக் குறி ஒன்றாக, அல்லது கொம்பு வேறு கால் வேறாக. திரையில் இரண்டும் ஒன்றுதான், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற கருவிக்கு வேறு வேறு. பாமினியில் அடித்த தலைப்பை அப்படியே கோப்பின் பெயராகப் போட்டிருந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். ஸ்கேனர் போட்ட இலக்கத்தோடு கிடக்கிற கோப்பை, பட்டியலை மட்டும் பார்த்து என்ன என்று கண்டுபிடிக்கவே ஏலாது.

இதில் என்ன குடி முழுகிப்போகிறது என்று கேட்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1983 யூலையில் வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தன, வீட்டோடு அலுமாரியில் இருந்த புத்தகமும் போட்டோவும் போயின. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண், தலைப்பு, ஆண்டு என்று பதிந்து வைப்பது அந்த இழப்பு தெரிந்த ஆட்களின் வேலை. இன்றைக்குக் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு வீட்டில் கிடக்கிற முப்பத்தோராம் நாள் கல்வெட்டு, கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட சஞ்சிகை எல்லாம் போனில் படமெடுத்து யாரோ ஒருவரின் டிரைவில் ஏறுகின்றன. எரிந்ததை 'இல்லை' என்று சொல்வது துக்கம். இருக்கிறதை 'இல்லை' என்று சொல்ல விட்டால் அது எங்கட கவனயீனம். ஒருக்கா 'இல்லை' என்று பதில் வந்தால் பிறகு ஒருவரும் தேடப்போவதில்லை.

அப்ப நல்ல விளக்கம் எப்படி இருக்க வேணும்? எங்கட மாதிரி இது:

'கேட்ட கோப்புறையில் உள்ள கோப்புகளின் பெயர், வகை, திகதி ஆகியவற்றைத் தரும். உள்ளடக்கத்தை வாசிக்காது. உட்கோப்புறைகளுக்குள் போகாது. ஒரு தடவைக்கு 100 மட்டும். அடுத்த பக்க அடையாளம் வந்தால் பட்டியல் முடியவில்லை. வெறும் பட்டியல் வந்தால் கோப்பு இல்லை என்றும் இருக்கலாம், பார்க்க அனுமதி இல்லை என்றும் இருக்கலாம். பெயர்கள் தமிழில், ஆங்கிலத்தில், பாமினியில் கலந்து இருக்கும். எல்லாப் பக்கமும் பார்க்காமல் இல்லை என்று சொல்லாதே.'

இதில் பாதி கருவியைப் பற்றியது. மிச்சப் பாதி அந்தக் கோப்புறையைப் பற்றியது. அதை எழுத, கோப்புறையைத் தெரிந்த ஆள் வேணும்.

ஏஐ நாளைக்கு இன்னும் கெட்டிக்காரனாகிவிடும், இதெல்லாம் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். கெட்டித்தனம் வேறு, தகவல் வேறு. எந்தப் பெட்டி எந்த வீட்டில் இருந்து வந்தது, 'கல்வெட்டு' என்றால் இங்கே கல்லில் வெட்டினது அல்ல, செத்த வீட்டுக்குப் பிறகு அச்சடிக்கிற நினைவுப் புத்தகம் என்று யாராவது எழுதி வைத்தால்தான் அதற்குத் தெரியும்.

கருவி செய்யத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உங்கட டிரைவ் கோப்புறையில் 'முதலில் இதை வாசிக்கவும்' என்று ஒரு பக்கம் போடுங்கோ: உள்ளே என்ன இருக்கு, எப்படிப் பெயர் வைத்திருக்கிறோம், எது இன்னும் ஏற்றவில்லை. ஏஜென்ட் வாசித்தாலும் சரி, பத்து வருசம் கழித்து வருகிற ஜூனியர் வாசித்தாலும் சரி, இரண்டு பேருக்கும் அது உதவும்.