நம்ம தெரு மேடு

'ஒதுக்கீட்டுக்குள்ள ஒதுக்கீடுன்னா தலித் ஒற்றுமை உடைஞ்சிடும்' என்று பேசும் தோழர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்கள் யாரோ இல்லை. என் சொந்தக்காரன், சங்கத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவன், ஏப்ரல் 14க்கு மாலை வாங்க என்னோடு சேர்ந்து காசு போட்டவன். நானும் பறையன்தான். வெளியாள் வந்து மூட்டிவிடுகிறான் என்று யாரும் இதைத் தள்ளிவிட முடியாது.

தமிழ்நாட்டில் பட்டியல் சாதிகளுக்கு 18 விழுக்காடு. ஓய்வுபெற்ற நீதிபதி ஜனார்த்தனம் குழு சொன்னதன் பேரில் 2009இல் கலைஞர் ஆட்சி சட்டம் போட்டு, அதில் 3ஐ அருந்ததியருக்கு வைத்தது. அருந்ததியர், சக்கிலியர், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர் என்று ஏழு சாதிகள். பீ அள்ளவும் செத்த மாட்டை உரிக்கவும் செருப்புத் தைக்கவும் இந்த நாடு ஒதுக்கி வைத்த சனங்கள். 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில், இப்படிப் பிரிப்பது செல்லும் என்றது. அன்றைக்கு நம்ம ஆட்கள் சிலர் எழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

'மூணையும் எடுத்துக்கிட்டு மீதி 15லயும் போட்டிக்கு வர்றானே, இது இன்னா நியாயம்?' என்று கேட்கிறார்கள். வரட்டும்யா. 18லயும் போட்டி போட அவனுக்கு உரிமை இருந்த காலத்தில் எத்தனை பேர் ஆபீஸ் நாற்காலி வரைக்கும் வந்து சேர்ந்தான்? நம்ம கூட வேலை பார்க்கிறவர்களை எண்ணிப் பாருங்கள். அப்புறம், தெருக் கூட்டுகிறவர்களையும் எண்ணுங்கள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்கு லட்சம் சனம் காவடி எடுத்து வருகிறது. கூட்டம் போனபிறகு அடிவாரத்தில் கிடக்கிறதை வாருகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

பொதட்டூர்பேட்டை எல்லை ஊர். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் திருத்தணி வட்டமே ஆந்திராவில்தான் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடி வாங்கினது. தெலுங்கு பேசும் சக்கிலியருக்கு மட்டும் கோடு எந்தப் பக்கம் விழுந்தாலும் கையில் அதே தொடப்பக்கட்டைதான். கோட்டுக்கு அந்தப் பக்கம் 1994இல் மந்தா கிருஷ்ண மாதிகாவும் அவர் தோழர்களும் தண்டோரா அடித்துக் கிளம்பினார்கள். 1997இல் ஆந்திர அரசு பட்டியல் சாதிகளை ஏ, பி, சி, டி என்று பிரித்தது. மாலர்கள் வழக்குக்குப் போனார்கள். 2004இல் சின்னையா வழக்கில் உச்சநீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. அந்தத் தீர்ப்பு 2024இல்தான் செத்தது. 2025 ஏப்ரலில் ஆந்திராவில் மறுபடி அவசரச் சட்டம்: மாதிகர் பிரிவுக்கு 6.5, மாலர் பிரிவுக்கு 7.5, ரெல்லி பிரிவுக்கு 1. முப்பது வருசம் ஒரு தலைமுறையின் படிப்பும் வேலையும் கோர்ட்டு வாசலில் கிடந்தது. அங்கே மாலர் தலைவர்கள் சொன்னதும் இதே 'ஒற்றுமை'தான்.

ஒற்றுமை இருந்தாத்தானே உடையறதுக்கு? ஊரைத் தாண்டி நம்ம தெரு, நம்ம தெருவையும் தாண்டி அவங்க தெரு. பெண் கொடுத்ததுண்டா? அவங்க வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்ன நம்ம பெருசுகள் எத்தனை பேர்? ஊர்க்காரன் நமக்குச் செய்ததை அப்படியே மடித்து அவங்களுக்குக் கொடுத்துவிட்டு, ஓட்டு கேட்கும்போது மட்டும் 'நாமெல்லாம் தலித்' என்கிறோம்.

என் கதையைச் சொல்கிறேன். என் தாத்தா கோலார் தங்கவயலுக்குப் போனவர். வட ஆர்க்காட்டுப் பறையர் ஆயிரக்கணக்கில் அங்கே போனார்கள். சுரங்கம் ஆளைத் தின்றது, வாஸ்தவம்தான். ஆனா மாசச் சம்பளம் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, அயோத்திதாசரின் பௌத்த சங்கமும் 1907இல் ஆரம்பித்த அவர் பத்திரிகையும் போய்ச் சேர்ந்திருந்தன. அந்தக் காசில் இங்கே ஓட்டு வீடு வந்தது. எங்க நைனா எஸ்.எஸ்.எல்.சி. நான் ஒதுக்கீட்டில் அரசு வேலை. ராத்திரி பகலாப் படிச்சேன், அது பொய்யில்லை. படிக்கிறதுக்கு விளக்கு ஏற்றி வைக்க ஒரு ஆள் வீட்டில் இருந்தார், அதுவும் பொய்யில்லை. அருந்ததியர் தெருவில் என் வயசுக்காரன் ஒருவனுக்கு அந்த நேரத்தில் அப்பா கூட சாக்கடை வாரப் போக வேண்டியிருந்தது.

மேல்சாதிக்காரன் 'தகுதி, திறமை' என்று கத்தினபோது நாம இன்னா சொன்னோம்? 'உன் தாத்தா படிச்சான், என் தாத்தாவைப் படிக்க விடலை' என்றோம். அந்தப் பையன் இன்றைக்கு அதே வார்த்தையை என்னைப் பார்த்துச் சொல்கிறான். அவனுக்குப் பதில் சொல்ல என்னிடம் இருக்கிறது பழைய மேல்சாதிப் பதில் ஒன்றுதான். அதை என் வாயால் சொல்ல மாட்டேன்.

'அதுக்குன்னு அவங்க மேல இரக்கம் இல்லாமலா இருக்கோம்?' என்று ஒரு தோழர் கேட்டார். இருக்கு, நிறையவே இருக்கு. அம்பேத்கர் பிறந்தநாளுக்கு அவங்க தெருவில் போர்வை கொடுக்கிறோம், போட்டோ எடுக்கிறோம், 'பாவம்' என்கிறோம். அரிஜன் என்று பேர் வைத்துக் காந்தி காட்டின இரக்கத்தை மூஞ்சியில் விட்டெறிந்த சனங்கள் நாம. பஸ்ஸில் ரெண்டு பேர் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, நிற்கிற கிழவியைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறவனை என்னவென்று சொல்வது? 1956இல் நாக்பூரில் பாபாசாகேப் நம்மைச் சேர்த்துவிட்ட தம்மத்தில் கருணை என்று ஒன்று இருக்கிறது. காலை மடக்கி இடம் விடுகிறதிலிருந்து அது ஆரம்பிக்கட்டும்.

இதோடு கிரீமி லேயரைக் கலக்காதீர்கள். அதே தீர்ப்பில் நாலு நீதிபதிகள் பட்டியல் சாதியிலும் வசதியானவர்களை வடிகட்டணும் என்றார்கள். அது வேற கதை. அப்படி வடிகட்டினால் 'தகுதியான ஆள் கிடைக்கலை' என்று இடத்தைக் காலியாகப் போட்டு, கடைசியில் நம்ம கையை விட்டே போக வைப்பான். அதை நானும் எதிர்க்கிறேன். உள் ஒதுக்கீட்டில் இடம் சேரியை விட்டு வெளியே போகவில்லை, அடுத்த தெருவுக்குப் போகிறது.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் ஒன்று. சாக்கடைக் குழியில் செத்தால் 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்சநீதிமன்றம் 2023இல் அதை 30 லட்சமாக்கியது. பிணத்தின் விலை ஏறியதே தவிர குழியில் இறங்குகிற சாதி மாறவில்லை. 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள், தனியாருக்கு விடாதே என்று சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள், நடுராத்திரியில் இழுத்துப் போனார்கள். ஒற்றுமை பேசுகிற நம்மில் எத்தனை பேர் ரயில் ஏறினோம்?

அடுத்த மாசம் சங்கப் பொதுக்குழு. எட்டு வருசமாக என்னிடம் இருக்கிற பொருளாளர் பொறுப்பை விடுகிறேன். அந்த இடத்துக்கு அருந்ததியர் தெருவிலிருந்து ஒரு பெண் பெயரை முன்மொழிவேன். 2009 சட்டத்தை ஆதரித்து ஒரு தீர்மானமும் கொண்டு வருவேன். எதிர்க்கிறவர்கள் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இந்த இதழிலேயே அச்சடிக்கச் சொல்லி ஆசிரியரிடம் பேசிவிட்டேன்.