சித்தம் கலங்கியவனுக்கு ஆயுள் சிறையா?

முசிறியிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் குணசீலம் தெரியும். சித்தம் கலங்கியவர்களை 48 நாள் அக்கோவிலில் வைத்துத் தீர்த்தம் தெளித்தால் குணமாகிவிடும் என்பதாக நம் ஜனங்கள் இன்றும் அழைத்து வருகிறார்கள். தண்ணீர் தெளித்துச் சித்தம் தெளியுமென்றால், காவேரிக் கரையிலேயே குடியிருக்கும் நம்மில் ஒருவருக்காவது இந்நோய் வந்திருக்கலாமா? அங்கே இப்போது லைசென்சு பெற்ற விடுதியும் டாக்டரும் வந்திருப்பதை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். அப்படியானால் குணம் தருவது டாக்டரா, தீர்த்தமா?

நிற்க, இன்று நாம் சொல்லவந்தது கோவிலைப் பற்றியல்ல. கோவிலைக் கேலி செய்துவிட்டு, “இவர்களை ஆஸ்பத்திரியில் போட்டுப் பூட்டுங்கள்” என்கிற நம்மவர்களைப் பற்றியே. அதிலும் கலங்கிய நிலையில் ஒருவன் குற்றம் செய்துவிட்டானென்றால், சாவியையே ஆற்றில் எறிந்துவிடச் சொல்லுகிறார்கள்.

அப்படி எறிந்தும் பார்த்தாயிற்று. அஸ்ஸாமில் மச்சாங் லாலுங் என்பவர் 1951-இல் கைதாகி, தேஜ்பூர் மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார். 1967-இல் டாக்டர்கள் அவர் தேறிவிட்டாரென்று எழுதினார்கள். உடனே வீட்டுக்கு விட்டார்களா? இல்லை, ஜெயிலுக்கு மாற்றினார்கள்! விசாரணை என்பதே இல்லாமல் 54 வருஷம் கழித்து 2005-இல் வெளியே வந்தார். புத்தி ஸ்வாதீனமில்லாமல் செய்தது குற்றமல்லவென்று சட்டமே சொல்லுகிறது. குற்றவாளியென்று தீர்ப்பானவனுக்கு விடுதலைத் தேதி உண்டு. குற்றமில்லையென்று சட்டம் சொல்லும் இவனுக்குத் தேதியே கிடையாது. இது என்ன நியாயமென்று கேட்கின்றோம்.

பூட்டும் சங்கிலியும் யாரைக் காப்பாற்றின? 2001 ஆகஸ்டு 6-இல் ஏர்வாடி தர்காவையொட்டிய ஒரு விடுதியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டுண்டு கிடந்தவர்கள் ஓட வழியின்றி வெந்தார்கள். மாண்டவர் 28 பேர்.

இத்தாலி தேசத்தார் வேறு வழி கண்டிருக்கிறார்கள். குற்றம் செய்த மனநோயாளிகளை அடைக்கும் ஆறு பெரிய ஆஸ்பத்திரிகளை மூட 2014-இல் சட்டம் செய்து, 2017-க்குள் மூடியும் விட்டார்கள். பதிலாக 20 பேருக்கு மேற்படாத சிறு விடுதிகள். அவற்றை நடத்துவது சுகாதார இலாகா, ஜெயில் இலாகா அல்ல. குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனைக் காலத்துக்கு மேல் யாரையும் வைக்கக் கூடாது. விடுதி போதாமல் பலர் காத்துக்கிடக்கிறார்கள் என்ற குறை அங்கே உண்டு. அது வீடு போதாத குறையே தவிர, பூட்டு போதாத குறையல்ல.

நம் நாட்டிலும் குடும்பமில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கக் கூடாதென்று 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் கூறுகிறது. சென்னை ‘பான்யன்’ ஸ்தாபனத்தார் 2015 முதல், நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களை நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீட்டில், துணைக்கு ஆள் வைத்துக் குடியமர்த்துகிறார்கள். கோர்ட்டு அனுப்புகிறவர்களுக்கு மட்டும் ஏன் இது கூடாது? ஆரம்பத்தில் காவல் வேண்டியவர்களும் உண்டு, மறுக்கவில்லை. எத்தனை நாள் என்று எழுதி வையுங்கள் என்றுதான் சொல்லுகிறோம்.

முசிறியில் அப்படியொரு வீட்டுக்கு இடம் கொடுப்பீர்களா என்று, ராகுகாலம் பாராத நம் தோழர்கள் இரண்டொருவரையே கேட்டுப் பார்த்தோம். “பெண்டு பிள்ளைகள் இருக்கிற தெருவாச்சே” என்றார்கள். அடுத்த வாரம் மறுபடியும் போய்க் கேட்கப் போகிறோம்.