வீட்டு மின்சாரமும் உள்ளூர்த் தொழிலாளியும்

இந்தியாவில் மின்சாரம் தாக்கி உயிரிழப்பவர்கள் எத்தனை பேர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணப் பதிவகம் கணக்கெடுத்து வெளியிட்டு வருகிறது. 2019, 2020, 2021 ஆகிய மூன்று வருஷங்களை மாத்திரம் எடுத்துக்கொண்டாலும், ஒவ்வொரு வருஷத்திலும் இத்தொகை 12,000க்கு மேற்பட்டதாகவே இருக்கிறது. ஒரு ரயில் கவிழ்ந்து நூறு பேர் மாண்டால் நாடெங்கும் அல்லோலகல்லோலப்படுகிறது. மந்திரி ராஜிநாமாச் செய்ய வேண்டுமென்று கூக்குரல் கிளம்புகிறது. அவ்வாறு கிளம்புவது நியாயமே. ஆனால் ஒருவர் இருவராக, ஓர் ஊரில் குளியலறையிலும் மற்றோர் ஊரில் மாட்டுக்கொட்டகையிலுமாக மாண்டுபோகும் இந்தப் பன்னீராயிரம் பேரைப் பற்றி வாய் திறப்பவர் எவருமில்லை. மறுநாள் பத்திரிகையில் நாலு வரிச் செய்தி வருகிறது. அத்துடன் விஷயம் முடிந்துவிடுகிறது.

இம்மரணங்கள் யாவற்றிற்கும் வீட்டுக்காரர்களே பொறுப்பாளிகளென்று நாம் சொல்ல வரவில்லை. வயலில் அறுந்து கிடக்கும் கம்பியை மிதித்து மாள்பவன் யாது செய்வான்? அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் வேறு. ஆனால் நம் வீட்டு மீட்டருக்கு இப்பால் நேரும் மரணங்களுக்கு நம்மைத் தவிர வேறு எவரைக் குறை சொல்வது? துணி உலர்த்தும் இரும்புக் கம்பிக்கொடியும் விளக்கிற்குப் போகும் ஒயரும் ஒரே ஆணியில் சுற்றப்பட்டிருப்பதை இன்றும் எத்தனையோ வீடுகளில் காணலாம். ஒயரின் மேலுறை தேய்ந்த அன்று, ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போகும் தாய்க்கு அக்கொடியே யமபாசமாகி விடுகிறது. அக்கொடியைக் கட்டியவர் யாரென்று விசாரித்தால் வீட்டுக்காரர். ஒயரை அவ்விடத்தில் இழுத்தவர் யாரென்று விசாரித்தால், "யாரோ ஒரு பையன்" என்பார்கள்.

இந்த "யாரோ ஒரு பையன்" என்பதுதான் நமது ஆட்சேபத்திற்குரிய விஷயம். நகை செய்யக் கொடுப்பதற்கு முன் பத்தர் எப்படிப்பட்டவர் என்று பத்து இடத்தில் கேட்கிறோம். வைத்தியரிடம் போவதற்கு முன் அவர் எங்கே படித்தவர் என்று அறிந்துகொள்ள ஆசைப்படுகிறோம். 230 வோல்ட் மின்சாரத்தைக் குழந்தைகள் உறங்கும் அறைக்குள் கொண்டுவந்து விடுகிறவரிடமோ, "எவ்வளவு கேட்கிறாய்?" என்ற கேள்வியைத் தவிர வேறொரு கேள்வியும் கேட்பதில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1956ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளிலும், அவற்றின் பின் மத்திய மின்சார ஆணையம் 2010லும் 2023லும் இயற்றிய பாதுகாப்பு விதிகளிலும் இக்கொள்கை அடங்கியிருக்கிறது. விளக்கு, விசிறி, ஃபியூஸ், ஸ்விட்ச் முதலியவற்றைப் பழையபடியே மாற்றி வைப்பது போன்ற சில்லறை வேலைகளுக்கு விலக்கு உண்டு. மற்றபடி ஒயரிங் வேலையானது, லைசென்ஸ் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலம், தகுதிச் சான்றிதழ் பெற்றவரின் மேற்பார்வையில், அனுமதி பெற்ற தொழிலாளியைக் கொண்டே நடைபெற வேண்டும். தமிழ்நாட்டில் இச்சான்றிதழ்களை வழங்குவதற்கென்று மின் உரிமம் வழங்கும் வாரியம் ஒன்று இருக்கிறது. விதியும் இருக்கிறது, வாரியமும் இருக்கிறது. ஆனால் ஒயர்மேனை வீட்டுக்கு அழைக்கும் நூறு பேரில் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பவர் ஒருவராவது இருப்பாரா என்பது சந்தேகந்தான்.

"சான்றிதழில் என்ன இருக்கிறது? எங்கள் தெருப் பெரியவர் முப்பது வருஷமாக இந்தத் தொழிலையே செய்கிறார், ஐ.டி.ஐ.யில் படித்த இளைஞர் பத்துப் பேருக்கு அவர் ஒருவர் சமானம்" என்று சிலர் சொல்லக்கூடும். இதில் உண்மை உண்டு. தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு வருஷம் எலக்ட்ரீஷியன் படிப்புப் படித்தவர்களில் கைத்திறன் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெரியவருக்கும் வழி அடைபட்டுப் போகவில்லை. சர்க்காரின் வேலைவாய்ப்புப் பயிற்சித் துறையார் நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு அவரைப் போன்றவர்களுக்காகவே ஏற்பட்டது. அதற்கு ஒயரிங் தொழிலில் ஐந்து வருஷ அனுபவம் வேண்டும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். நம் தெருவிலுள்ள தொழிலாளிக்கு இப்படியொரு தேர்வு உண்டென்பதைச் சொல்லி, விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து அனுப்பிவைக்க வேண்டியவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்த நாமல்லவா? அவருக்கு லைசென்ஸ் இல்லை என்று இழித்துப் பேசுவது சுலபம். அரைநாள் செலவிட்டு அவருக்காக ஒரு விண்ணப்பம் எழுதுவதற்கு மாத்திரம் நமக்கு நேரமில்லை.

சமீப காலத்தில் வேறொரு வழக்கமும் பரவி வருகிறது. கைப்பேசியில் ஒரு செயலியைத் தட்டினால் எங்கிருந்தோ ஓர் எலக்ட்ரீஷியன் வந்து நிற்கிறார். கூலி இன்னதென்று முன்கூட்டியே தெரிகிறது, பேரம் இல்லை, ரசீது கிடைக்கிறது. இவை நல்ல அம்சங்களே என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் வருகிறவர் இன்று ஒருவர், நாளை வேறொருவர். நம் வீட்டு எர்த் குழி கொல்லையில் எந்த இடத்தில் இருக்கிறது, சமையலறைக்குப் போகும் ஒயர் எந்தச் சுவரின் வழியே செல்கிறது, மாடி அறைக்கு இணைப்புக் கொடுத்தபோது நியூட்ரலை எங்கே சேர்த்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? உள்ளூர்த் தொழிலாளிக்குத் தெரியும். தப்பாகச் செய்தால் நாளைக் காலையில் அதே தெருவில் நம் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற பயமும் அவருக்கு உண்டு. நாம் கொடுக்கும் கூலி முழுவதும் அவர் கையிலேயே சேர்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அவசர காலத்தில் இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் வீசிய மிக்ஜாம் புயலிலும் சென்னையின் தாழ்ந்த பகுதிகளில் கீழ்த்தளத்து மீட்டர்ப் பெட்டிகள் தண்ணீரில் மூழ்கின. வெள்ளம் வடிந்தவுடன் மெயின் ஸ்விட்சைப் போட்டுப் பார்க்கும் அவசரம் எல்லோருக்கும் உண்டு. அதைப்போல் அபாயமான காரியம் வேறில்லை. முதலில் மின்காப்பைச் சோதிக்கும் கருவியைக் கொண்டு, 500 வோல்ட்டில் குறைந்தபட்சம் 1 மெகாஓம் தடை காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். காட்டாவிட்டால் உலர விட வேண்டும். அல்லது ஒயரை மாற்ற வேண்டும். ஊர் முழுவதும் இருண்டு கிடக்கும் அந்த நாட்களில் புது மனிதனைத் தேடிப் பிடிப்பது ஆகிற காரியமா? பழகிய தொழிலாளி கூப்பிடாமலே வந்து பார்ப்பார்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்துவது நலம். மீட்டர் வரையிலும் உள்ள கம்பிகளும் சாதனங்களும், ஜனங்கள் இன்றும் மின்வாரியம் என்றே வழங்கி வரும் மின் பகிர்மானக் கழகத்தின் பொறுப்பு. அதற்கு இப்பாலுள்ளது நம் பொறுப்பு. தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்துவிட்டால் சில வீடுகளுக்கு 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வோல்ட் வரையிலும் வந்து, விளக்குகள் கண்ணைப் பறிக்கும்படி எரிந்து, குளிர்ப்பெட்டியும் டெலிவிஷனும் புகைந்து போகும். அப்பொழுது உடனே மெயினை அணைத்துவிட்டு, 2021ல் ஆரம்பிக்கப்பட்ட மின்னகம் என்னும் புகார் நிலையத்திற்குத் தெரிவிக்க வேண்டுமேயொழிய, வீட்டு ஒயர்மேனைக் கம்பத்தில் ஏறச் சொல்லக்கூடாது. பத்து ரூபாய் கூடக் கொடுத்தால் ஏறிவிடுவார் என்று எண்ணுவது கொலைக்கு ஒப்பான எண்ணம். அதேபோல, வாரியத்து லைன்மேனைப் பிடித்து வீட்டு வேலையை இரகசியமாகச் செய்துகொள்வதும் சரியல்ல.

இனி, நாம் முக்கியமாகக் கருதும் சங்கதிக்கு வருகிறோம். வீட்டில் ஃபியூஸ் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, ஆகையால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அவை ஒயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதற்காக ஏற்பட்டவை. மனிதனைக் காப்பதற்காக ஏற்பட்டவையல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி., 16 ஆம்பியருக்கு மேல் பாய்ந்தாலன்றி அசையாது. மனிதனுடைய இருதயத்தை நிலைகுலையச் செய்வதற்கோ ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். மனிதனைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் சாதனம். போகிற மின்சாரத்தையும் திரும்பி வருகிற மின்சாரத்தையும் அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டிற்கும் 30 மில்லியாம்பியர் வித்தியாசம் ஏற்பட்டால், அதாவது எவர் உடம்பின் வழியாகவோ ஈரச்சுவரின் வழியாகவோ அது பூமிக்குக் கசிந்தால், கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. எர்த்தும் சரியாக இருந்துவிட்டால் கிரைண்டரைத் தொட்ட கை எரியாது.

ஆனால் இச்சாதனத்தை வாங்கி மாட்டிய வீடுகளிலும் ஒரு விபரீதம் நடக்கிறது. மழைக்காலத்தில் அது அடிக்கடி விழுகிறது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த வீட்டுக்காரர் யாரோ ஒருவரைக் கூப்பிடுகிறார். வந்தவர், "இது தொந்தரவு பிடித்த சாமான்" என்று சொல்லி, அதை ஒதுக்கிவிட்டு ஒயரை நேரே சேர்த்துவிட்டுப் போகிறார். விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். நோயை அறிவித்த நாடியை வெட்டியெறிந்த வைத்தியனை நாம் என்னவென்று அழைப்போம்? நல்ல தொழிலாளி அப்படிச் செய்யமாட்டார். ஒவ்வொரு கிளையாகக் கழற்றிப் பார்த்து, கசிவு குளியலறை ஹீட்டரிலா, மொட்டைமாடி மோட்டாரிலா, இரண்டு கிளைகளின் நியூட்ரல் எங்காவது கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பார். அதற்கு மூன்று மணி நேரமாகலாம். அந்த மூன்று மணி நேரத்திற்கு நாம் கூலி கொடுக்கச் சித்தமாயிருக்கிறோமா என்பதே கேள்வி.

பெரும்பாலும் இல்லை என்பதே நாம் காணும் அனுபவம். "ஸ்விட்சைத் திறந்து மூடினதற்கு 300 ரூபாயா?" என்று வாசலில் நின்று வாதாடும் கனவான், அன்று மாலையே ஹோட்டலில் அதைப்போல் இரு மடங்கு தொகையைப் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறார். ஒயர்மேன் கேட்பது ஸ்விட்சைத் திறந்ததற்கல்ல. எந்த ஸ்விட்சைத் திறக்க வேண்டுமென்று அறிந்திருந்ததற்கு. கூலியைக் குறைத்தால் அவர் எதைக் குறைப்பார்? ஒயரின் பருமனைக் குறைப்பார். எர்த் ஒயரை இழுக்காமல் விட்டுவிடுவார். முத்திரையில்லாத சாமானை வாங்கி மாட்டுவார். நம்முடைய லோபத்தனத்தின் பலன் சுவருக்குள் மறைந்து காத்திருக்கும். ஏணியின்மேல் நின்று வேலை செய்கிறவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பதற்கும் யோசிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன என்பதை எழுதவே கூச்சமாயிருக்கிறது.

1994ல் ஏற்பட்ட கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் மின்சார வேலை செய்வோரும் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்துகொண்டால் விபத்து நேர்ந்தபோது குடும்பத்திற்கு உதவி கிடைக்கும். தேசத் தொண்டிலும் பொதுக்காரியங்களிலும் ஈடுபட்டிருப்பவர்களுக்கு இங்கே செய்வதற்குரிய வேலை நிரம்ப இருக்கிறது. ஒவ்வொரு வார்டிலும் ஒயரிங் தொழில் செய்பவர்கள் யாவர், அவர்களில் சான்றிதழ் உள்ளவர் எவர், தேர்வெழுதத் தகுதியிருந்தும் எழுதாதவர் எவர், நல வாரியத்தில் சேராதவர் எவர் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வீதி வீதியாகச் சென்று எழுதிக்கொண்டு வரலாம். கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவதைவிட இது சிரமமான காரியந்தான்.

சர்க்கார் செய்ய வேண்டுவதும் உண்டு. மின் உரிமம் வழங்கும் வாரியத்தார் சான்றிதழ் பெற்றவர்களின் ஜாபிதாவை, அவரவர் சம்மதத்தின்பேரில், வார்டு வாரியாகவும் கிராம வாரியாகவும் தமிழில் வெளியிட்டு, பஞ்சாயத்து ஆபீசிலும் மின்கட்டணம் செலுத்தும் இடத்திலும் ஒட்டிவைக்க வேண்டும். தகுதிகாண் தேர்வைப் பற்றிய விளம்பரமும் தொழிலாளிகள் கூடும் மின்சாமான் கடைகளின் வாசலில் தென்பட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் ஒன்றும் தேவையில்லை, பெருஞ்செலவும் இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், ஐப்பசி பிறக்கும்போதே அந்த ஜாபிதா சுவரில் இருக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.