பொம்மைக்கு நம் ஊர்ப் பேச்சு

அய்யம்பாளையத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு செவிலியர் கல்லூரிக்கு அண்மையில் சென்றிருந்தோம். இலக்கியக் கூட்டங்களின் வழியே அறிமுகமான ஆசிரியை ஒருவர் அங்கே பணிபுரிகிறார். பாவனைப் பயிற்சிக் கூடத்தில் (அவர்கள் வழக்கில் 'சிமுலேஷன் லேப்') படுத்திருக்கும் நோயாளிப் பொம்மைக்குச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு பேச்சு அமைத்திருப்பதாகவும், அதன் தமிழை ஒருமுறை பார்த்துத் தர வேண்டும் என்றும் கேட்டிருந்தார்.

பொம்மை அறுபத்தைந்து வயது மூதாட்டி. மாணவி ஒருவர் அருகில் சென்று, "என்னம்மா செய்யுது?" என்றார். ஒலிபெருக்கி வழியே பதில் வந்தது: "எனக்கு மார்பின் நடுப்பகுதியில் அழுத்துவது போன்ற வலி உள்ளது. அது இடது கைக்குப் பரவுகிறது." மாணவி உடனே மாரடைப்பு என்றார். எல்லோருக்கும் மகிழ்ச்சி.

எழுத்துவடிவில் தந்த உரையாடலைப் படித்தோம். ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. ஆயினும் தாண்டிக்குடியிலிருந்தோ பன்றிமலையிலிருந்தோ இறங்கி வரும் எந்த மூதாட்டியும் இப்படிப் பேசமாட்டார். "வாயு அடைச்சுக்கிட்டு நிக்குது தாயி" என்பார். "நெஞ்சைக் கரிக்குது" என்பார். "மேலுக்கு முடியலை, ஒரே அசதியா வருது" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்வார். பெண்களுக்கும் முதியோருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு சில வேளைகளில் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சிரைப்பாகவும் களைப்பாகவும் மேல்வயிற்று உபாதையாகவும் வருவதுண்டு. பாடநூல் வாக்கியத்துக்கு மட்டும் பழகிய செவி, வாயு என்ற சொல்லைக் கேட்டதும் செரிமான மாத்திரையைத் தேடும். ஆகவே இது நடை அழகு பற்றிய வழக்கன்று, உயிர் பற்றியது.

நோயாளியைத் தொடுவதற்கு முன் பொம்மையிடம் பழகுவது புதிய வழக்கமுமன்று. 1911-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனைச் செவிலியர் பள்ளிக்காக ஆளுயரப் பொம்மை ஒன்று செய்யப்பட்டது. செய்தவர் மார்த்தா ஜென்க்ஸ் சேஸ் என்னும் பொம்மைத் தயாரிப்பாளர். பொம்மைக்கும் 'மிசஸ் சேஸ்' என்ற பெயரே நிலைத்தது. 1960-இல் வந்த, வாயோடு வாய் வைத்து மூச்சூட்டப் பழகும் 'ரெசுசி ஆன்' பொம்மையும் நார்வே நாட்டு விளையாட்டுப் பொருள் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டாலின் ஆக்கமே. தவறு நேர்வதானால் அது பொம்மைக்கு நேரட்டும் என்பதுதான் இவற்றின் பின்னுள்ள எண்ணம். இந்திய செவிலியர் குழுமம் 2021-இல் கொணர்ந்த பி.எஸ்சி. பாடத்திட்டமும் பாவனைப் பயிற்சியைக் கற்பித்தல் முறைகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது.

இப்போது பொம்மை பேசவும் தொடங்கிவிட்டது. இதன் பயனை நாம் மறுக்கவில்லை. கூச்சமுள்ள மாணவி ஒரே நோயாளியிடம் இருபது முறை பேசிப் பழகலாம். கோபம் கொண்ட உறவினரை, ஊசியை மறுக்கும் முதியவரை, உண்மையைக் கேட்க அஞ்சும் தாயை முன்கூட்டியே சந்திக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அமெரிக்கச் செவிலியர் வாரியங்களின் தேசியக் குழு 2014-இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதிவரை தரமான பாவனைப் பயிற்சியாக மாற்றினாலும் மாணவர் திறன் குறையவில்லை என்று கண்டது. அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் உடனிருந்தார்கள்; ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் அமர்ந்து பேசினார்கள். ஆசிரியரை நீக்கிவிட்டுப் பொம்மையை மட்டும் வைத்தாலும் இதே பயன் கிட்டும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

இந்தக் கருவிகள் படித்தவற்றில் பெரும்பகுதி ஆங்கிலம். அதிலும் மேலைநாட்டு ஆங்கிலம். எது வரக்கூடிய சொல்லோ அதைக் கோத்துத் தருவது அவற்றின் இயல்பு. தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில்தான் சொல்லும். இன்சுலினை எடுத்துக்கொள்வோம். மேலைநாடுகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் என்பதே வழக்கம். நம் நாட்டிலோ 40 யூனிட் குப்பிகள் பரவலாகப் புழங்குகின்றன. அவற்றுக்கெனச் சிவப்பு மூடி ஊசிக்குழல் தனியே உண்டு. இருபது யூனிட் என்பது அங்கே 0.2 மில்லி, இங்கே 0.5 மில்லி. அந்தக் கணக்கை நம்பி இந்தக் குப்பியிலிருந்து 0.2 மில்லி எடுத்தால் எட்டு யூனிட்டே ஏறும். இந்தக் கணக்கை அந்தக் குப்பியில் போட்டால் ஐம்பது ஏறிவிடும். ஆகவே மருந்தளவும் அலகும் அந்தந்த மருத்துவமனையின் நடைமுறை ஏட்டிலிருந்து ஆசிரியர்கள் எழுதி, சரிபார்த்துத் தர வேண்டும். அந்த எல்லைக்குள் நின்று நடிப்பது மட்டுமே கருவியின் வேலை. மதிப்பெண் இடும் உரிமையை அதற்குத் தரலாகாது.

மற்றொன்று. உண்மை நோயாளியின் குறிப்பை அப்படியே கருவியிடம் ஊட்டக் கூடாது. 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு அறநெறிகளும் நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்கின்றன. பெயரை நீக்கினால் போதாதா என்பர். கீழ்மலையில் காட்டுமாடு முட்டிய காப்பித் தோட்டக்காரர் என்று எழுதினாலே இங்கு ஊருக்கு ஆள் தெரிந்துவிடும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து கவனிப்பவரும் அங்கே ஒரு கூறு. அருகிருத்தல் என்பது காது கொடுத்தலும்தான். வலியைச் சொல்லத் தமிழில் எத்தனை சொற்கள்! குத்தல் வேறு, குடைச்சல் வேறு, காந்தல் வேறு, கடுப்பு வேறு. கிறுகிறுப்பும் படபடப்பும் ஒன்றல்ல. ஊருக்கு ஊர் இவற்றின் பொருளும் சற்றே மாறும்.

மாணவியர் இந்த மண்ணின் பிள்ளைகள்தாமே, அவர்களுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். எல்லோரும் இவ்வூரார் அல்லர். இவ்வூராரும் நான்காண்டு ஆங்கிலப் பாடத்தில் பாட்டியின் பேச்சை நோயின் மொழியாகக் கருதாமல் போகிறார்கள். வட்டார வழக்கை எழுதினால் கேலியாகிவிடாதா என்பது இன்னொரு ஐயம். தமிழாசிரியர் கற்பனையில் எழுதினால் ஆகும். வார்டில் பல்லாண்டு பணியாற்றிய செவிலியர் கேட்ட சொற்களை, யாருடையவை என்பதை விடுத்துத் தொகுத்தால் ஆகாது. மாவட்டந்தோறும் தமிழ்த்துறைகளும் செவிலியர் கல்லூரிகளும் சேர்ந்து இப்படி ஒரு நோய்ச்சொல் தொகுதியை உருவாக்க வேண்டும் என்பது நம் கருத்து. நாட்டார் வழக்காறு சேகரித்த நண்பர்களுக்கு இது அரிய வேலையன்று.

நாம் அந்தப் பிரதியைத் திருத்தவில்லை. இரண்டு மூத்த செவிலியரோடு அமர்ந்து, அவர்கள் சொல்லக் கேட்டு, வேறொன்று எழுதித் தந்தோம். சில நாள் கழித்து ஆசிரியை தொலைபேசினார். புதிய பேச்சைக் கேட்ட முதல் மாணவி பாட்டிக்குச் செரிமான மாத்திரை கொடுத்துப் படுக்கச் சொல்லிவிட்டாராம். அதன்பின் அரைமணி நேரம் எல்லோருமாக அமர்ந்து 'வாயு' என்ற ஒரு சொல்லைப் பற்றியே பேசினார்களாம்.

பொம்மைக்கு நேர்ந்ததோடு போயிற்று.